வெளியே நிற்பவர்

2025 மார்ச் 15 இரவு தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் பற்றிய தீயை அடக்க ஏறத்தாழ ஒரு நாள் பிடித்தது. கேபிள்கள் எரிந்த புகையில், அணைக்கப் போனவர்களுக்கே மூச்சு முட்டியது. செய்திகளில் எல்லாரும் குழாய் பிடித்தவர்களையே பார்த்தோம். குழாய் பிடிக்காமல் ஒருவர் நிற்பாரே, அவருக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர் ஒருவரிடம் கேட்டேன். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் சரக்கு ஏற்றுகிறவர் அந்த நண்பர். "அவருதான் அண்ணாச்சி முக்கியமான ஆளு" என்று சொல்லி, தனக்குத் தெரிந்த தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவரிடம் கூட்டிப்போனார். அரசு வேலை என்பதால் பேரும் நிலையமும் எழுத வேண்டாம் என்று அந்த அலுவலர் முதலிலேயே கேட்டுக்கொண்டார்.

நிலையத்தில் தீயணைப்போர், அவர்களுக்கு மேல் முன்னணி தீயணைப்போர், எல்லாருக்கும் மேல் நிலைய அலுவலர். பெரிய தீ என்றால் மாவட்ட அலுவலர் வரும்வரை அங்கே எடுக்கும் முடிவெல்லாம் இவருடையது. தடையில்லாச் சான்று, ஆய்வுக் குறிப்பு, பதிவேடுகள் என்று ஒரு அலமாரியையே திறந்து காட்டினார். அதில் பாதி எனக்குப் புரியவில்லை, மீதியில் மனம் செல்லவில்லை. வண்டிக் கொட்டகைக்குப் போனதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

குழாய்களை இணைக்கும் கப்ளிங்குகளை ஒரு இளைஞர் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. காற்றிலேயே உப்பு. ஹைட்ராண்ட் வால்வை மாதக்கணக்கில் திருகாமல் விட்டால் இறுகிவிடும். அதனால் ஒன்றையும் நம்பக்கூடாது, எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும் என்பது இவர் சட்டம். "தண்ணி இருக்குன்னு பேப்பர்ல இருக்கும். திருகிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

வண்டி போய் நின்றதும் முதலில் தண்ணீர் அடிக்க மாட்டார்களாம். அலுவலர் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பார். புகை என்ன நிறம், காற்று எந்தப் பக்கம், மின்சாரம் துண்டித்தாயிற்றா, உள்ளே என்ன சரக்கு, உள்ளே யார். சுற்றி நிற்கும் கூட்டம் "தண்ணிய அடிங்கய்யா" என்று கத்தும். வண்டியில் இருப்பது 4,500 லிட்டர் அளவுதான். முழு வேகத்தில் விட்டால் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். எங்கே அடிப்பது என்று தெரியாமல் அடித்தால் அடுத்த தண்ணீர் வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கிறது. புகைக்குள் போகிறவர்கள் முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர் 6 லிட்டர் கொள்ளளவு. 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம் வரும். அது கணக்குப் புத்தகத்தில். குழாயை இழுத்துக்கொண்டு மாடி ஏறுகிற மனிதன் அதைவிட வேகமாக மூச்சு வாங்குவான். பயந்தவனுக்கு இன்னும் சீக்கிரம் தீரும். 50 பாருக்குப் பக்கம் வந்ததும் கருவியே விசில் அடிக்கும். அது கேட்ட பிறகு திரும்பினால் போதும் என்று நினைக்கிறவனைத்தான் இவர் திட்டுகிறார். போன வழியே திரும்பி வரவும் காற்று வேண்டுமே.

அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவர் பேரையும், நேரத்தையும், அழுத்தத்தையும் வண்டிக் கதவில் சாக்பீஸால் எழுதுகிறார். சில நாடுகளில் இதற்கென்றே கடிகாரம் பொருத்திய பலகை வைத்திருக்கிறார்கள். இவருக்குச் சிவப்புக் கதவே பலகை. வெளியே வந்தவன் பேரை அவனே அழிக்கக்கூடாது, இவர்தான் அழிப்பார். எரிகிற கட்டடத்தின் முன்னால் நின்றுகொண்டு கதவையும் கைக்கடிகாரத்தையும் பார்க்கிற ஆள் சும்மா நிற்கிற மாதிரிதான் தெரிவார். குழாயைப் பிடித்துவிட்டால் எண்ணிக்கை தவறிவிடும் என்பதால், பக்கத்திலேயே ஆள் பற்றாமல் திணறினாலும் கை நீட்டமாட்டாராம்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். தாம்பரம் பயிற்சி நிலையத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எங்க மாமா" என்றார்.

அலுவலர் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் பிறந்தவர். அப்பா சங்குகுளிக்கப் போனவர். இந்தக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு குளியாட்களுக்கு மிஞ்சியது சங்குதான். அறுத்து வளையல் செய்ய அது வங்காளத்துக்குப் போகும். மூச்சடக்கி மூழ்கிய காலத்தில் தோணியில் ஒருவர் கயிறு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே இருந்து ஒரு இழுப்பு வந்தால் இவர் தூக்க வேண்டும். வராவிட்டால், எப்போது தூக்குவது என்று இவரே முடிவு செய்ய வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் தம்பியோ அண்ணனோ பிடிப்பதுதான் வழக்கம் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். "தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்லா, கண்ண அங்க இங்க திருப்ப மாட்டான்" என்றார் அலுவலர். அப்பாவின் கயிறு தாய்மாமன் கையில். நன்றாக நீந்தத் தெரிந்தும் அவர் கடைசிவரை ஒருமுறைகூடக் குளிக்க இறங்கியதில்லையாம். கயிற்றை யாரிடம் கொடுப்பது? பின்னால் கம்ப்ரசர் வந்தது, கயிற்றின் இடத்தில் காற்றுக்குழாய் வந்தது. அப்பா உடம்பு கெட்டுக் கரையேறினார். மகனைக் கடலுக்கு விடவில்லை.

கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் போன ஒரு நாளைத் தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் நினைக்கிறது. ஏப்ரல் 14 அன்று தமிழ்நாட்டில் வீடுகளில் கனி பார்ப்பதும் கோயிலுக்குப் போவதுமாகச் சித்திரை பிறக்கும். தீயணைப்பு நிலையங்களில் அன்று மலர்வளையம் வைக்கிறார்கள். தீத்தொண்டு நாள். 1944-இல் அந்த நாளில் பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கீன் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பொதுமக்களையும் சேர்த்தால் நூற்றுக்கணக்கில். ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் பருத்திப் பொதிகளும் ஒரே கப்பலில். மதியம் புகை தெரிந்தது, 4 மணி தாண்டியதும் வெடித்தது. இடைப்பட்ட இரண்டு மணி நேரம் ஒரு பக்கம் தண்ணீர் அடித்துக்கொண்டே, கப்பலை மூழ்கடிப்பதா, கடலுக்கு இழுத்துப் போவதா என்று பல அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்படிச் செய் என்று சொல்ல ஒருவர் இல்லை. வீரம் குறைந்து யாரும் சாகவில்லை. மேற்பார்வை இல்லாமல் செத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

நம் ஊரிலும் துறைமுகத்துக்குள் தனித் தீயணைப்புப் பிரிவு உண்டு, வெளியே மாநில அரசின் நிலையங்கள். ஆலைகளில் தனியாக. ஒன்றாக வந்து நிற்கும்போது யார் சொல் கேட்பது என்பதை ஒத்திகையிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். கப்பல் தீயில் தண்ணீரே எதிரியாகவும் ஆகும். 1942-இல் நியூயார்க்கில் நார்மண்டி கப்பலின் தீயை அணைக்க அடித்த தண்ணீரின் பாரத்தில் கப்பலே சாய்ந்து கவிழ்ந்தது. ஆயிரம் லிட்டர் ஒரு டன். எத்தனை டன் ஏற்றினோம், எத்தனை டன் வெளியேறியது என்று கரையில் ஒருவர் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரக்கைப் பற்றிக் கேட்டபோது அவர் குரல் மாறியது. கோவில்பட்டி தீப்பெட்டி கன்டெய்னரில் போகிறது. ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண்களில் பாதுகாப்புத் தீப்பெட்டிக்கு 1944. பம்பாய் வெடித்த ஆண்டே எண்ணாக அமைந்தது தற்செயல்தான். அந்த எண் கன்டெய்னர் மேல் ஒட்டியிருந்தால் அலுவலருக்குப் பாதி வேலை முடிந்தது. உலகம் முழுக்கத் துறைமுகங்களில் நடப்பது வேறு. வாடகையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க, நடுவில் நிற்கும் தரகர் சரக்கின் பெயரை மாற்றி எழுதுகிறார். கரித்தூளும் ப்ளீச்சிங் பவுடரும் சாதுவான பெயரில் ஏறுகின்றன. எரியும்போது தரகர் அங்கே இருப்பதில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்ததில் அமிலத்தைப் பற்றிப் பொய்கூட இல்லை. 25 டன் நைட்ரிக் அமிலம் கப்பலில் இருந்தது தெரியும், கசிவதும் தெரியும். கத்தாரிலும் குஜராத்திலும் இறக்க இடம் கொடுக்கவில்லை. தள்ளிவிட்டார்கள். கடைசியில் இலங்கையின் மேற்குக் கரை நெடுகப் பிளாஸ்டிக் குருணை. ஒருவன் மிச்சம் பிடித்த காசுக்கு இன்னொரு ஊர் மீனவன் வலையை மடித்து வைக்கிறான். இதற்கு என்ன பெயர் வைப்பது?

அலுவலருக்கு அதைவிடக் கோபம் ஆள் தரகர்கள் மேல். கிடங்கு எரிகிறது, காவலாளி "உள்ள யாரும் இல்ல" என்கிறார். அவர் கையில் உள்ள பதிவேட்டின்படி அது சரி. காண்ட்ராக்டர் அன்று காலை லாரியில் ஏற்றி வந்து இறக்கிய வடமாநிலப் பையன்கள் அந்தப் பதிவேட்டில் இல்லை. பேர் எழுதினால் பி.எஃப். கட்ட வேண்டும். காவலாளியின் வார்த்தையை நம்பி விட்டுவிடவும் முடியாது, நம்பாமல் ஆளை அனுப்பினால் அனுப்பியது வீணாகவும் போகலாம். 2020 தீபாவளியையொட்டி மதுரையில் துணிக்கடைத் தீயில் பழைய கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்ததை அவர் அப்போது சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சை நீட்டவில்லை.

"ஒண்ணு எழுதுங்க அண்ணாச்சி" என்றார். "வண்டி வந்ததும் எங்க பையங்க கையில இருந்து குழாயப் புடுங்காதீங்க. காலையில எத்தன பேரு உள்ள போனாங்க, இப்ப எத்தன பேரு வெளிய நிக்காங்க, அத மட்டும் சொல்லுங்க. அதச் சொல்ல ஒரு ஆளு கேட்டுல இருந்தாப் போதும்."

ஏறுகிறவர், இறங்குகிறவர் பேரை எழுத நண்பர் தன் தோணிக்கு ஒரு நோட்டுப் போடுவதாகச் சொன்னார். "போட்டுட்டுச் சொல்லுங்க, வந்து பாக்கேன்" என்றார் அலுவலர், சிரிக்காமல்.