மலிவு விலைப் பப்பும் தெருமுனைப் பப்பும்

அயர்லாந்தில் இருக்கிறேன் என்று ஊருக்கு வரும்போது சொன்னால், பெண்கள் முதலில் குளிரைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்த கேள்வியைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "தெருவுக்குத் தெரு சாராயக் கடையாமே, எப்படித்தான் குடித்தனம் பண்றீங்க?" தெருவுக்குத் தெரு உண்டுதான். 'பப்' என்பார்கள். ஆனால் சாராயக் கடை என்றதும் நம் மனசில் எழும் படத்தை அதன் மேல் அப்படியே ஒட்டினால் சரி வராது. எனக்கும் அது புரிய வருஷக்கணக்கில் ஆயிற்று. அதிலும் ஒரு மலிவு விலைப் பப் கம்பெனி இங்கே கடை திறந்த பிறகுதான், பப் என்றால் என்ன என்று உட்கார்ந்து யோசித்தேன்.

நாங்கள் இருப்பது கார்க் நகரம். நாட்டின் தெற்கே, லீ நதிக்கரையில். என் கணவருக்கு இங்கே மருந்துக் கம்பெனியில் வேலை. 2012இல் வந்தோம். பையனுக்கு அப்போது நாலு வயசு. எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ஆகையால் தெருமுனையில் ஒரு பப் இருந்தும், அதன் வாசலைத் தாண்டும்போது நான் எதிர்ச்சாரிக்கு மாறிப் போய்விடுவேன்.

பழைய ஐரிஷ் பப்புக்கு வாசலுக்கு மேலே குடும்பப் பெயர் எழுதியிருக்கும். தாத்தா, அப்பா, பிள்ளை என்று கைமாறி வரும் தொழில் அது. அந்தக் காலத்தில் முன்பக்கம் மளிகை, பின்பக்கம் குடி என்று ஒரே கூரைக்குக் கீழே இரண்டும் நடந்ததாம். தேயிலை, சர்க்கரை, ஆணி, கயிறு எல்லாம் அங்கேயே வாங்கலாம். சில ஊர்களில் சவ அடக்க ஏற்பாடுகளையும் பப்காரரே கவனித்துக்கொள்வார். கல்யாணமானாலும் கருமாதியானாலும் ஜனங்கள் கூடுகிற இடம்.

பெண்கள்? அவர்களுக்கென்று 'ஸ்நக்' என்று ஒரு பொட்டி அறை. கதவைச் சாத்திக்கொள்ளலாம். கல்லாப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அது வழியாக டம்ளரை நீட்டுவார்கள். யார் கண்ணிலும் படாமல் குடித்துவிட்டுப் போகவேண்டியது. பல பப்புகளில் பெண்களுக்கு முழுப் பைன்ட் பியர் ஊற்றவே மாட்டார்கள். (ஒரு பைன்ட் என்பது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்.) 1970களில் நெல் மெக்காஃபர்ட்டி என்ற பெண் பத்திரிகையாளர் சுமார் முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு டப்ளினில் ஒரு பப்புக்குப் போய், எல்லாருக்கும் பிராந்தி வாங்கிக் கொடுத்தாராம். அப்புறம் ஒரே ஒரு பைன்ட் கேட்டாராம். பெண்களுக்குப் பைன்ட் கிடையாது என்றதும், "அப்படியானால் பிராந்திக்கும் காசு கிடையாது" என்று எழுந்து வந்துவிட்டார்களாம். இங்கே வயசான பெண்மணிகள் இன்னும் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை இது. பெண் என்பதற்காக இப்படி மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 2000ஆம் வருஷத்தில்தான். குடி விஷயத்தில் சம உரிமை எதற்கு என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். நானும் சுளித்தேன். ஆனால் சேதி குடியைப் பற்றியது மட்டுமில்லை. மழை கொட்டும் ஊரில் ஒரு பெண் காசு கொடுத்து நாற்காலியில் தனியாக உட்கார முடியுமா, முடியாதா என்பதைப் பற்றியது.

இப்போது மலிவு விலைக் கம்பெனிக்கு வருகிறேன். பெயர் வெதர்ஸ்பூன். 1979இல் லண்டனில் டிம் மார்ட்டின் என்பவர் ஒரே ஒரு பப்பாக ஆரம்பித்தது. இன்று பிரிட்டனில் எண்ணூறு போல நடத்துகிறார்கள். பெயர் வந்த கதை வேடிக்கை. அவர் சின்ன வயசில் நியூஸிலாந்தில் படித்தபோது வெதர்ஸ்பூன் என்று ஒரு வாத்தியார் இருந்தாராம். வகுப்பை அடக்கவே தெரியாதவராம். நாமும் அப்படித்தான் பப் நடத்தப்போகிறோம் என்று அந்தப் பெயரையே வைத்துவிட்டாராம்! வாத்தியாருக்கு இப்படியும் ஒரு கீர்த்தி.

பழைய சினிமாக் கொட்டகை, பாங்கு, தபால் ஆபீஸ் என்று பெரிய கட்டடங்களைப் பிடித்துப் பழுதுபார்த்துக் கடை திறப்பது இவர்கள் வழக்கம். பாட்டுக் கச்சேரி கிடையாது. காலையிலேயே பலகாரம் ஆரம்பித்துவிடும். சரக்கை மொத்தமாக வாங்கிக் குறைந்த லாபத்தில் நிறைய விற்பது. நம் ஊரில் பெரிய ஜவுளிக்கடைகள் செய்கிற வியாபாரம்தான். அயர்லாந்துக் குடியரசில் முதல் கடை 2014 ஜூலையில், டப்ளின் பக்கத்தில் பிளாக்ராக் என்ற ஊரில். ஐரிஷ்காரர்கள் சத்தியம் பண்ணும் கின்னஸ் பியர் அங்கே திறப்பு நாளில் இல்லை. விலையில் ஒத்துப்போகவில்லையாம். திருப்பதியில் லட்டு இல்லாத மாதிரி என்று என் கணவர் சொன்னார். அந்த வருஷக் கடைசியில் ஹைனிகன் கம்பெனியோடும் சண்டை வந்து, அந்தச் சரக்கையே தங்கள் எல்லாக் கடைகளிலும் நிறுத்திவிட்டார்கள். முப்பது பப் வரை திறக்கப்போகிறார்கள் என்று அப்போது ஒரே பேச்சு. அவ்வளவு வேகமாக நடக்கவில்லை. கார்லோ, வாட்டர்ஃபோர்ட் என்று ஒவ்வொன்றாக வந்தது. டப்ளினில் கேம்டன் தெருவில், பழைய வீடுகளையும் ஒரு தேவாலயக் கூடத்தையும் சேர்த்து, 89 அறை ஹோட்டலோடு ஒன்றை 2021இல் திறந்தார்கள்.

எங்கள் கார்க்கில் 2015இல் வந்தது, பால் தெருவில். 'லினன் வீவர்', அதாவது நார்த்துணி நெய்கிறவர் என்று பெயர். பிரான்சிலிருந்து தப்பி வந்த ஹ்யூகனாட் ஜனங்கள் ஒரு காலத்தில் குடியேறிய பேட்டை அது. பக்கத்திலேயே சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட் இருப்பதால் வாரா வாரம் அந்த வழியாகப் போவேன். உள்ளே மட்டும் போனதில்லை.

என்னை இழுத்துக்கொண்டு போனவர் பக்கத்து வீட்டு அம்மாள். எழுபது தாண்டியவர், கணவர் தவறிப் பல வருஷம் ஆகிறது. "வா கேர்ள், காபி சாப்பிடலாம்" என்றார். இந்த ஊரில் எந்த வயசுப் பெண்ணையும் 'கேர்ள்' என்றுதான் கூப்பிடுவார்கள்; நாற்பது வயசில் அது காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது! உள்ளே பார்த்தால் ஜன்னலோரம் இரண்டு பாட்டிமார், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு இளம் தாய், காலேஜ் பிள்ளைகள், பேப்பர் படிக்கும் ஒரு பெரியவர். காபிக்கு ஒரு தரம் காசு கொடுத்தால் போதும், மிஷினில் நாமே மறுபடி மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். கழிவறை பளபளவென்று இருந்தது. (இதைச் சொல்லாமல் விட்டால் நான் இல்லத்தரசியே இல்லை.) வியாழக்கிழமை என்பதால் 'கறி கிளப்' என்று அப்பளத்தோடு கறிச் சாப்பாடு வேறு. அந்தக் கறியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அந்த அம்மாள் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "வீட்டில் ஒருத்திக்காக ஹீட்டர் போடக் கஷ்டமாயிருக்கு. இங்கே யாரும் எழுந்திருன்னு சொல்றதில்லை" என்றார். தன் அம்மா ஸ்நக்குக்குள் ஒளிந்து உட்கார்ந்த கதையையும் சொன்னார். அவர் இப்போது உட்கார்ந்திருந்தது கூடத்தின் நட்டநடுவில். நான் எதிர்ச்சாரிக்கு மாறிப் போகிற வழக்கம் அன்றோடு போயிற்று.

அப்படியானால் மலிவுக் கடை வந்தது நல்லதுதானே என்பீர்கள். பாதி நல்லதுதான். மீதிப் பாதிக்குத் தெருமுனைப் பப்பைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எதிர்ச்சாரியில் ஒரு பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். சில வருஷம் முன்னால் கணவருக்கு வேலை போயிற்று. தினமும் சாயங்காலம் தெருமுனைக்குப் போக ஆரம்பித்தார். அந்தப் பப்காரருக்கு அவரை மட்டுமில்லை, அவர் அப்பாவையும் தெரியும். இரண்டு டம்ளருக்கு மேல் ஊற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதோடு, "இப்பத்தான் கிளம்பினார், சாப்பாட்டைச் சுட வை" என்று அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணிவிடுவாராம். ஒரு வியாபாரி தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்வதை அப்போதுதான் கேள்விப்பட்டேன். நூறு மேஜை போட்ட கூடத்தில், நாளுக்கொரு பிள்ளை பரிமாறும் இடத்தில், எவ்வளவு நல்ல மனுஷர்கள் இருந்தாலும் இது நடக்க வழியில்லை.

அந்தக் கணவர் என்ன செய்தார் தெரியுமா? மலிவுப் பப்புக்குக்கூடப் போகவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் டின் டின்னாக வாங்கி வீட்டிலேயே குடிக்க ஆரம்பித்துவிட்டார். பார்க்க ஆளில்லை, நிறுத்த ஆளில்லை, குழந்தைகள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன. சிறிய பப்புகளை எது தின்கிறது என்று என்னைக் கேட்டால், பெரிய கம்பெனியைக் காட்டிலும் இந்தத் தட்டுவண்டிச் சரக்கு என்றுதான் சொல்வேன். 2005க்குப் பிறகு இந்த நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பப்புகள் மூடிவிட்டன. பெரும்பாலும் கிராமத்தில். இங்கே 1902 முதல் ஒரு சட்டம்: புது லைசென்ஸ் கிடையாது, இருப்பதை வாங்கித்தான் புதுக்கடை திறக்க வேண்டும். 2000க்குப் பிறகு, எங்கோ ஒரு கிராமத்தில் விளக்கணைந்த பப்பின் லைசென்ஸை நகரத்துக்குக் கொண்டுவரலாம் என்றும் ஆகிவிட்டது. ஒரு கிராமத்தின் கடைசிப் பப் காகிதமாகி நகரத்துக்குப் பஸ் ஏறுகிறது. இதைப் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னபோது எனக்கு வயிற்றை என்னவோ செய்தது.

சர்க்காரும் சும்மா இல்லை. 2004 மார்ச்சிலேயே பப்புக்குள் சிகரெட் பிடிக்கத் தடை. தேசம் முழுக்க இப்படித் தடை போட்டதில் உலகத்திலேயே இவர்கள்தான் முதல். 2022 ஜனவரியிலிருந்து மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஆல்கஹால் ஒரு கிராமுக்குப் பத்து சென்ட். அரை லிட்டர் பியர் டின்னில் ஏறக்குறைய 17 கிராம் என்றால், 1 யூரோ 70 சென்டுக்குக் குறைத்து விற்கக் கூடாது. ஒரு பாட்டில் ஒயினுக்கு 7 யூரோவுக்கு மேல் வரும். பப்பில் விலை எப்போதும் இதைவிட அதிகம் என்பதால் அங்கே ஒரு மாற்றமும் தெரியவில்லை. டின்னுக்குத்தான் அடி. எதிர்ச்சாரிப் பெண், "முதல் மாசத்திலேயே செலவு கையைக் கடிச்சுது, அதுக்கப்புறம்தான் டாக்டரிடம் வரச் சம்மதிச்சார்" என்றாள். எல்லா வீட்டிலும் இப்படி ஆகுமென்று நான் சொல்ல வரவில்லை. அந்த வீட்டில் ஆயிற்று. இப்போது அவர் வேலைக்குப் போகிறார்.

இங்கே சுகாதாரத் துறை பத்து கிராம் ஆல்கஹாலை ஓர் அளவு என்று வைத்திருக்கிறது. ஒரு பைன்ட் பியர் இரண்டு அளவு. வாரத்துக்கு ஆண்கள் பதினேழுக்கும், பெண்கள் பதினொன்றுக்கும் குறைவாக. அதிலும் இரண்டு நாளாவது ஒன்றுமே கூடாது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அந்த அளவைப் பார்த்து, 'இவ்வளவா!' என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து வீட்டு அம்மாளோ, "இவ்வளவுதானா!" என்றார்.

பால் தெருவிலிருந்து நாலு எட்டு வைத்தால் செயின்ட் பாட்ரிக் தெரு. அதன் முனையில் மாத்யூ பாதிரியார் சிலை நிற்கிறது. 1838இல் இதே ஊரில் மதுவிலக்குச் சங்கம் ஆரம்பித்து, லட்சக்கணக்கானவர்களைச் சத்தியம் செய்ய வைத்தவர். சனிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டு வரும் பிள்ளைகள், "சிலைகிட்ட நில்லு, வரேன்" என்று போனில் சொல்லிக்கொள்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். சில நாள் வராது.

ஏன் வராது என்றால், என் பையனுக்கு வருகிற ஆவணியில் பதினெட்டு முடிகிறது. இங்கே அதுதான் சட்டப்படி வயசு. இதுவரை சட்டம் எனக்குத் துணையாக இருந்தது. பதினெட்டு ஆகாத பிள்ளைகள் ராத்திரி ஒன்பதுக்கு மேல், கோடையில் பத்துக்கு மேல், பப்புக்குள் இருக்கக் கூடாது. கடிகாரத்தைக் காட்டிக் கூப்பிட்டுக்கொள்வேன். இனிமேல் கடிகாரம் பேசாது. குடிக்காதே என்று சொல்லிவிட்டேன். அப்பாவும் சொல்லியிருக்கிறார். சரி என்றான். ஆனால் கூடப் படிக்கிறவர்கள் பதினோரு பேர் சேர்ந்து உட்காரும்போது இவன் மட்டும் வாசலில் நிற்கமாட்டான். ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டாவது உட்காரத்தான் போகிறான். அது எனக்குத் தெரிந்ததுதான்.

போன வாரம் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அவனே பேச்செடுத்தான். பிறந்தநாளுக்கு எல்லாரும் டவுனில் மலிவான இடமாகப் பார்த்திருக்கிறார்களாம். "தெருமுனையிலேயே உட்காருங்களேன்" என்றேன்.

"அங்கே விலை ஜாஸ்திம்மா. அதுவுமில்லாம அந்தத் தாத்தாவுக்கு உன்னையும் அப்பாவையும் நல்லாத் தெரியும்."

"அதனாலதான் சொல்றேன். வித்தியாசத்தை நான் தரேன்" என்றேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.