கஸ்டம்

“கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான். பறவைகள் கீச்கீச் என ஒலித்தன. நான் துள்ளிக் குதித்து எழுந்தேன்.”

கடந்த ஆண்டு ஜொகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு எழுத்துப் பட்டறை நடத்தப் போயிருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 22 பேர். ‘இன்று காலை’ என்று தலைப்புக் கொடுத்தேன். 17 தாள்களில் கதிரவன் உதித்திருந்தான். வெளியே விடியற்காலையிலிருந்து அடைமழை!

பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். நானும் அப்படி எழுதித்தான் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் ‘ஏ’ வாங்கினேன். அந்தத் தேர்வையே 2021இல் ரத்து செய்துவிட்டார்கள். கதிரவன் மட்டும் இன்னும் பணி ஓய்வு பெறவில்லை.

வானொலியில் சேர்ந்த புதிதில் என் தயாரிப்பாளர் நான் எழுதியதைத் திருப்பித் தந்து, “இதை உங்கம்மாகிட்ட இப்படியேதான் சொல்வியா?” என்று கேட்பார். அதையே இங்கும் செய்து பார்த்தேன். இருவர் இருவராக உட்கார வைத்தேன். எழுந்ததிலிருந்து பள்ளி வாசல் வரை நடந்ததை ஒருவர் மூன்று நிமிடம் சொல்லவேண்டும். மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்கவேண்டும். அப்புறம், சொன்னதை அப்படியே எழுதவேண்டும். வகுப்பு சந்தைக்கடை ஆனது. தம்பி காலுறையை ஒளித்து வைத்தது, பாட்டி பசியாற வைத்த தோசையைப் பூனை தூக்கிப்போனது என்று கதைகள் கொட்டின.

கடைசி வரிசையில் ஒரு பையன் ஆறே வரி எழுதியிருந்தான்.

“அப்பா நாலு மணிக்கு மோட்டார் ஸ்டார்ட் பண்ணுவார். நான் கண்ணை மூடிக்கிட்டு கேட்பேன். முனைக் கடை தாண்டினதும் சத்தம் கேட்காது. இப்போ அப்பா கஸ்டத்தில் நிற்பார். மழை பெய்தால் ரொம்ப நேரம் நிற்பார். நான் மறுபடியும் தூங்கிடுவேன்.”

படித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் கையில் சிவப்புப் பேனா இருந்ததே! ‘ஸ்டார்ட் பண்ணுவார்’ என்பதை ‘முடுக்குவார்’ ஆக்கினேன். ‘கஸ்டத்தில்’ என்பதை வட்டமிட்டு ‘கஷ்டத்தில்’ என்று எழுதினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ரேடியோவில் பேசுகிற அக்காவுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பான்.

பத்து நிமிடத்தில் புதிய தாளோடு வந்தான். அழகான கையெழுத்து. முதல் வரி: ‘கதிரவன் தன் பொற்கதிர்களை...’

“பழைய தாள் எங்க தம்பி?”

“கிழிச்சுப் போட்டுட்டேன், அக்கா. அதுல நிறையப் பிழை.”

விஷயத்தை வகுப்பாசிரியைதான் சொன்னார். பையனின் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. இந்த ஊரில் ‘கஸ்டம்’ என்றால் எல்லைச் சோதனைச் சாவடி. 1924இல் திறந்த கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் அதைக் கடக்க விடியுமுன்னே மோட்டார்கள் வரிசைபிடிக்கும். கோலாலம்பூர்க்காரியான நான் செய்தியறையில் அந்த நெரிசலை எத்தனை முறை வாசித்திருக்கிறேன்! அது ஒரு பையனின் தாளில் வந்தபோது பிழையென்று வட்டமிட்டிருக்கிறேன்.

குப்பைத் தொட்டியைக் கிளறினேன். பென்சில் சீவலுக்கு நடுவே பாதித் தாள் கிடைத்தது. எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

“தம்பி, அக்காதான் தப்பாத் திருத்திட்டேன். நீ எழுதினதுதான் சரி. கஸ்டம்தான்.”

தாளைப் பார்த்தான். என் சிவப்பு வட்டத்தைப் பார்த்தான்.

“பரவாயில்லக்கா. ரெண்டும் ஒண்ணுதான்னு எங்கம்மா சொல்வாங்க.”

ஓய்வு மணி அடித்தது. நாசி லெமாக் தீர்ந்துவிடும் என்று சிற்றுண்டிச்சாலைக்கு ஓடிவிட்டான்.