பூனையின் தவமும் பொன்னிலாப் பாட்டும்

செங்கற்பட்டில் இருக்கும் என் தங்கை திடீரென்று டெலிபோன் செய்தாள். "அக்கா, ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போகலாமா?" என்றாள். பள்ளிக்கூட நாளிலிருந்து நூறு தடவை பார்த்த ஊர். சிற்பம் பார்க்கவா கூப்பிடுகிறாள்? ஏதோ சங்கதி இருக்கிறது என்று ஊகித்துக்கொண்டேன்.

ஊகம் பொய்க்கவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. முந்திய வாரம் அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பத்திரிகை வேலை காரணமாக நான் போக முடியவில்லை. பெண்ணைப் பாடச் சொல்வது பழைய வழக்கம் அல்லவா? இங்கே பிள்ளை பாடியிருக்கிறார்! காலேஜில் மெல்லிசைக் குழு வைத்திருந்தவராம். கிடாரும் கையுமாக வந்து, 'என் இனிய பொன் நிலாவே' பாட்டைப் பாடினாராம்.

"அதைக் கேட்ட அப்புறம் வேறு என்ன கேட்க இருக்கிறது, அக்கா? புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும்" என்றாள். முகத்தைப் பார்த்தால், புதன்கிழமை வரை காத்திருப்பாள் என்று தோன்றவில்லை.

கடற்கரைக் கோயில் பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. உளிச் சத்தம் கேட்கும் தெருவில் இளநீர் குடித்துக்கொண்டே கேட்டேன்: "அந்தப் பாட்டு வந்த படத்தைப் பார்த்திருக்கிறாயாடி?"

பார்த்ததில்லை. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பாட்டுத்தான் தெரியும். ஆகவே கதையைச் சொன்னேன்.

1980-ம் வருஷம் தீபாவளியை ஒட்டி வெளிவந்த படம் 'மூடுபனி'. இளையராஜாவுக்கு அது நூறாவது படம். இலங்கையில் பிறந்த பாலு மகேந்திரா முதல் இரண்டு படங்களுக்கும் சலீல் சௌதுரியிடம் இசை வாங்கியவர். இந்த மூன்றாவது படத்தில்தான் ராஜாவுடன் சேர்ந்தார். அதற்குப் பிறகு கடைசிப் படம் வரையில் வேறு யாரிடமும் போகவில்லை. பாட்டை எழுதியவர் கங்கை அமரன்; பாடியவர் ஜேசுதாஸ்.

பண்ணைப்புரத்தில் அண்ணன் பாவலர் வரதராஜன் கட்சி மேடைகளில் பாட, தம்பிகள் பின்னாலே வாத்தியம் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன குழு அவர்களுடையது. சென்னைக்கு வந்த பிறகு எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் கச்சேரிக் குழுவிலும் ராஜாவும் அமரனும் கிடார் வாசித்தார்கள். அந்தக் கைகள் பழகிய வாத்தியம்தான் இந்தப் பாட்டுக்கு உயிர். 1973-ல் பாவலர் காலமானார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. தம்பிகள் அடைந்த உயரத்தைப் பார்க்க அண்ணனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

"எவ்வளவு நல்ல கதை! இதற்கா இவ்வளவு பீடிகை?" என்றாள் தங்கை.

"இனிமேல்தான் சங்கதி. படத்தில் யார் யாருக்குப் பாடுகிறார்கள், தெரியுமா? பிரதாப் போத்தன் ஷோபாவுக்குப் பாடுகிறார். அவர் காதலன் இல்லை. பெண்களைக் கொலை செய்கிற, மனம் பேதலித்த ஒருவன். இன்னொருவருக்கு நிச்சயமான பெண்ணைக் கடத்திக்கொண்டு போய், ஊட்டியில் அடைத்துவைத்துப் பாடுகிற பாட்டு அது!"

அவள் இளநீரைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணாக நடித்த ஷோபா, படம் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பே, பதினேழு வயதில் காலமாகிவிட்டார் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

எழுந்து அர்ச்சுனன் தபசுப் பாறைக்குப் போனோம். அங்கே ஒரு பூனை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, ஒட்டி உலர்ந்த வயிற்றோடு, பகீரதனே தோற்கும்படி தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். பல்லவச் சிற்பி ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே செய்த பரிகாசம்!

தங்கை பூனையையே பார்த்தாள். "அப்படியானால் அவர் பூனை என்கிறாயா?" என்றாள். குரல் தழுதழுத்தது.

"அசடே! நான் அப்படிச் சொல்வேனா? தவக்கோலத்தை மட்டும் பார்த்தால் பூனையும் தெரியாது, பகீரதனும் தெரியாது என்கிறேன். கிடார் இல்லாமல் ஒரு மணி நேரம் அவரோடு பேசு. அப்பா போன பிறகு உன் சம்பளத்தில் பாதி அம்மாவுக்குப் போகிறதே, அதைச் சொல்லி, கல்யாணத்துக்குப் பிறகும் போகுமா என்று கேள்."

2025 ஜனவரியில் டில்லி உயர் நீதிமன்றத்தில் இந்தப் பாட்டின் உரிமை யாருக்கு என்றே வழக்கு நடந்தது. ஒரு புதுப் படத்தில் மீண்டும் உபயோகிக்கப் போக, உரிமை ஸரிகம கம்பெனிக்கே என்று இடைக்கால உத்தரவாயிற்று. சட்டப்படி யாருக்குச் சொந்தமோ, முணுமுணுக்கிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கொலைகாரன் வாயிலிருந்து வந்த பாட்டை எத்தனையோ நல்ல மனிதர்கள் எடுத்துத் தங்கள் பாட்டாக்கிக் கொண்டுவிட்டார்கள். பாட்டின் மேல் குற்றமில்லை. பாட்டைச் சாட்சிக்குக் கூப்பிடுவதுதான் குற்றம்.

செவ்வாய்க்கிழமை இரவு டெலிபோன் மணி அடித்தது.

"பாட்டுக்கு நொடியில் சுருதி சேர்த்தவர், அக்கா, இதற்குப் பதில் சொல்ல அரைமணி எடுத்துக்கொண்டார். 'எங்கள் அம்மா சம்மதிக்கமாட்டாள். முதலில் அவளிடம் பேசிவிட்டு வருகிறேன்' என்று எழுந்து போய்விட்டார். அப்போதே எனக்கு மனம் உடைந்துவிட்டது."

"அப்புறம்?"

"இப்போதுதான் அவருடைய அம்மாவே கூப்பிட்டுப் பேசினார். 'உன் அம்மாவுக்கு நீ கொடுப்பதை நிறுத்த நான் யார்?' என்றார்."

தை மாதத்தில் முகூர்த்தம். வரவேற்பில் மாப்பிள்ளையே பாட வேண்டும் என்பது என் கட்டளை. எந்தப் பாட்டு என்று நான் சொல்லவேண்டியதில்லை.