350 நாள்

பெரியகல்லாறு. பிரதான வீதி. பிற்பகல் இரண்டு மணி. வாவிப் பக்கமிருந்து கச்சான் காற்று வீசுகிறது. வீதியில் ஆளில்லை. கல்முனை பஸ் ஒன்று நிற்காமல் போகிறது.

கணினி திருத்தும் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே ஒரு மேசை விசிறி. அதன் முகம் திருத்துகிறவரின் பக்கம் இல்லை. திறந்து கிடக்கும் கணினி ஒன்றின் பக்கம் இருக்கிறது. சுவரில் தொங்கும் வெப்பமானி 35 பாகை காட்டுகிறது.

சைக்கிள் ஒன்று வந்து சாய்கிறது. இளைஞன் ஒருவன் குனிந்து உள்ளே வருகிறான். கையில் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் கிராபிக்ஸ் காட். நுரைத் தட்டு, வெள்ளிநிறப் பை, பில் எல்லாம் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கின்றன. பெட்டியை எறிய வீட்டில் தகப்பன் விடவில்லை.

பில்லில் பெரிய எழுத்தில் ஒரு வருட உத்தரவாதம். அடியில் சின்ன எழுத்து. ஒரு வருடம் என்றால் 350 நாள். தீய்ந்த அடையாளம், துரு, உடைவு இருந்தால் உத்தரவாதம் இல்லை.

திருத்துகிறவர் சின்ன எழுத்தை வாசிப்பதில்லை. திகதியை மட்டும் பார்க்கிறார். நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைக்கிறார். பென்சிலால் மாதம் மாதமாக எண்ணுகிறார். ஒரு தரம் எண்ணி, மறுபடியும் எண்ணுகிறார். இன்று 341ஆம் நாள்.

"இன்னும் ஒன்பது நாள் இரிக்கு, மனே."

இளைஞன் மூச்சு விடுகிறான்.

அவன் தொழில் கலியாண வீடியோவும் கோயில் வீடியோவும். வைகாசியில் பிடித்த கண்ணகி அம்மன் குளுர்த்திச் சடங்கு கணினிக்குள் கிடக்கிறது. நாலு மணிநேரப் படம். தொகுக்கும் ஒவ்வொரு முறையும் பாதி வேலைக்கு முன்னரே திரை கறுக்கிறது. கனடாவில் இருக்கும் உபயகாரர் தினமும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்.

காட் மேசைக்கு வருகிறது. இரண்டு விசிறிகள். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசு. தூசு ஈரமாக இருக்கிறது. கடல் கிழக்கே, வாவி மேற்கே. 2004 டிசம்பர் 26இல் கடல் ஒரேயடியாக ஏறி வந்த ஊர் இது. மற்ற நாட்களில் அது உப்பாக, காற்றோடு, கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. திருத்துகிறவர் செருகு முனையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். பொன்முலாம் பளிச்சென்று இருக்கிறது. துரு இல்லை. தலையை ஆட்டுகிறார்.

பெயின்ட் தூரிகையால் தூசு தட்டுகிறார். காட்டைக் கணினியில் செருகுகிறார். ஃபர்மார்க் நிரல் திறக்கிறது. கிராபிக்ஸ் காட்டை வருத்திப் பார்க்கவே எழுதப்பட்ட நிரல் அது. ரோமம் போர்த்திய வளையம் ஒன்று திரையில் சுழலத் தொடங்குகிறது.

மூலையில் எண்கள் ஏறுகின்றன. 58. 66. 74. இரண்டாவது விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நிற்கிறது. திருத்துகிறவர் விரல் நுனியால் அதைத் தள்ளுகிறார். சுற்றுகிறது. நிற்கிறது. 83. சில்லு தன் வேகத்தைத் தானே குறைக்கிறது. வளையம் தடுமாறுகிறது. 88. ஊதாப் புள்ளிகள் திரையெங்கும் தெறிக்கின்றன. கறுப்பு.

கைத்தொலைபேசி எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறது. நிற்கும் விசிறி, எண், திரை. ஒரே காட்சியில் மூன்றும் வருகிறதா என்று இருவரும் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

சுவரோரம் ஒரு தட்டு. இறந்த பலகைகள் வரிசையாக நிற்கின்றன.

முதலில் ஒரு பழைய மடிக்கணினியின் தாய்ப்பலகை. அதில் என்விடியா சில்லு. 2008 ஜூலை 2ஆம் திகதி அந்த நிறுவனம் 15 முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்குவதாக அறிவிக்கிறது. சில மடிக்கணினிச் சில்லுகளின் பொதிப் பொருள் பலவீனமானது. சூடேறி, ஆறி, மீண்டும் சூடேற, சில்லுக்கு அடியில் உள்ள ஈயப் பொட்டுகள் வெடிக்கின்றன. ஆப்பிள் அந்தச் சில்லு உள்ள மக்புக் புரோக்களை உத்தரவாதம் முடிந்த பின்னும் இலவசமாகத் திருத்திக் கொடுக்கிறது. தட்டில் நிற்கும் பலகை அந்த வகைக் கணினியினது இல்லை. அதற்கு இந்தக் கடையில் சூடுகாற்றுத் துப்பாக்கிதான் கிடைத்தது. இரண்டு மாதம் ஓடியது. பிறகு தட்டுக்கு வந்தது.

அடுத்து, மைனிங் காட் மூன்று. டிஜிட்டல் நாணயம் தோண்ட ஓடியவை. 2022 செப்டம்பர் 15இல் எதீரியம் நாணயம் கிராபிக்ஸ் காட்டுகளைக் கைவிடுகிறது. இரவு பகலாக ஓடித் தேய்ந்த காட்டுகள் உலகச் சந்தையில் கொட்டுகின்றன. அதே ஆண்டு இலங்கையில் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாயைத் தொடுகிறது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. புதியதை வாங்க முடியாதவர்கள் பழையதை வாங்குகிறார்கள். மூன்றும் அப்படி வந்தவை.

இளைஞன் தட்டைப் பார்க்கிறான். தன் பெட்டியைப் பார்க்கிறான். அவனுடையது புதியது. உத்தரவாதத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கியது.

காட் கவிழ்ந்து கிடக்கிறது. பின்பக்கம் நாலு ஆணிகள். நாலையும் கழற்றினால் சில்லு தெரியும். சில்லுக்கும் அதன் மேலுள்ள செம்புக்கும் நடுவே பூசிய, சூடு கடத்தும் பேஸ்ட் காய்ந்து ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். துடைத்து, புதிதாகப் பயறளவு வைத்து, விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூட, அரை மணிநேரம் போதும்.

மூன்று ஆணிகள் வெறுமையாக இருக்கின்றன. நாலாவதின் மேல் வட்டமாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர். கழற்றினால் உத்தரவாதம் இல்லை.

திருத்துகிறவர் சின்னத் திருப்புளியை எடுக்கிறார். ஸ்டிக்கரின் விளிம்பில் நகத்தை வைக்கிறார். எடுக்கிறார். திருப்புளியை மீண்டும் அதன் இடத்தில் வைக்கிறார்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி 2024 ஜூலையில் அங்குள்ள கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு ஜிகாபைட், சோட்டக், ஏஎஸ்ராக் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதுகிறது. இத்தகைய ஸ்டிக்கரை வைத்து உத்தரவாதத்தை மறுப்பது சட்டத்துக்கு மாறாகலாம் என்கிறது கடிதம். பெரியகல்லாற்றில் ஸ்டிக்கர் ஒட்டியபடி இருக்கிறது.

"துறந்தா நம்மட பொறுப்பு. அனுப்புவம்."

வெள்ளிநிறப் பை. நுரை. பெட்டி. மேலே சீலை சுற்றி நூலால் கட்டு. ரயில் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. கல்லாற்றுப் பொதிக்கு பஸ்தான். அந்தி பஸ்ஸில் இளைஞனின் ஒன்றுவிட்ட தம்பி கொழும்புக்குப் போகிறான். பொதி அவன் மடியில் இருக்க வேண்டும், மேல் தட்டில் வைக்கக் கூடாது. தாய் இரண்டு தரம் சொல்கிறாள்.

343ஆம் நாள். பம்பலப்பிட்டியில் ஒரு கடை பொதியை ஏற்கிறது. சீட்டு ஒன்று தருகிறது. சீட்டின் படம் வாட்ஸ்அப்பில் கல்லாற்றுக்கு வருகிறது. திகதியும் முத்திரையும் தெளிவாகத் தெரிகின்றன. திருத்துகிறவர் அதை அச்செடுத்துப் பில்லோடு சேர்த்துப் பின் அடிக்கிறார்.

ஒரு கிழமை. இளைஞன் அழைக்கிறான். பரிசோதிக்கிறார்களாம். இரண்டு கிழமை. வேறு ஒருவர் எடுக்கிறார். இலக்கத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சாவகச்சேரிக் கலியாணம் ஒன்றின் வேலை வேறு ஸ்டூடியோவுக்குப் போகிறது. கனடா உபயகாரர் கேட்பதை நிறுத்திவிடுகிறார். இதற்கிடையில் வந்த 350ஆம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அது கடந்து போகிறது.

நாலாம் கிழமை பொதி திரும்புகிறது. கட்டு வேறு நூல். காட் அதே காட். தொடரிலக்கம் அதே இலக்கம். உள்ளே துண்டுச் சீட்டு. பிழை எதுவும் காணப்படவில்லை. பத்து நிமிடம் ஓடியது. 71 பாகை.

கல்லாற்றுக் கடையில் அதே வளையம் மீண்டும் சுழல்கிறது. 74. 83. 88. ஊதாப் புள்ளிகள்.

இளைஞன் சீட்டைக் கசக்கப் போகிறான். திருத்துகிறவர் அதை வாங்கி மேசையில் நீவி விரிக்கிறார்.

"அங்க ஏசி, மனே. குளிருக்குள்ள வெச்சுப் பாத்தா சூடு எப்பிடித் தெரியும்?"

கைத்தொலைபேசியில் ஒரு பழைய காணொளியைத் தேடி எடுக்கிறார். அதில் ஜெர்மனியின் ரோமன் ஹார்ட்டுங், கணினிப் பாகங்களைச் சோதித்துக் காட்டுகிறவர். 2022 கடைசியில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் காட்டுகள் 110 பாகையில் கொதிக்கின்றன. அது இயல்பான சூடுதான் என்று பதில் பெற்றவர்களும் உண்டு. ஹார்ட்டுங் காட்டை ஒரு நிலையில் ஓட்டுகிறார். நிலையைத் திருப்பி ஓட்டுகிறார். நிமிர்ந்து நிற்கையில் சூடு குறைவு. படுத்திருக்கையில் ஏறுகிறது. ஒவ்வொரு எண்ணையும் எழுதுகிறார். 2023 ஜனவரியில் ஏஎம்டி ஒத்துக்கொள்கிறது. ஒரு தொகுதிக் காட்டுகளில் சூட்டைக் கடத்தும் ஆவி அறைக்குள் தண்ணீர் போதாது. மாற்றித் தருகிறது.

இருவரும் காணொளியை முழுதாகப் பார்க்கிறார்கள். இளைஞன் ஓர் இடத்தில் நிறுத்தி, பின்னால் இழுத்து, திரும்பப் பார்க்கிறான்.

அன்றைய பிற்பகல் முழுக்கப் பரிசோதனை. வெப்பமானி சுவரை விட்டுக் கணினிக்குப் பக்கத்தில் வருகிறது. மேசை விசிறி அணைகிறது. கணினியின் பக்கக் கதவு மூடப்படுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இளைஞன் கொப்பியில் எழுதுகிறான். அறைச் சூடு, சில்லின் சூடு, முதல் விசிறியின் சுற்று, இரண்டாம் விசிறியின் சுற்று. கடைசி நிரலில் இருபதாம் நிமிடத்திலிருந்து பூச்சியம், பூச்சியம், பூச்சியம். இருவரின் சட்டையும் நனைந்திருக்கிறது. யாரும் விசிறியைப் போடவில்லை.

பிறகு கடிதம். திருத்துகிறவர் தமிழில் சொல்கிறார். இளைஞன் ஆங்கிலத்தில் தட்டுகிறான். காட்டை 35 பாகை அறையில் வைக்கவும். பெட்டிக் கதவை மூடவும். நாற்பது நிமிடம் ஓட்டவும். இரண்டாவது விசிறியைப் பார்க்கவும்.

"எழுது. 343ஆம் நாள் குடுத்த காட். சீட்டு இரிக்கு."

இளைஞன் அதை முதல் வரிக்குக் கொண்டு போகிறான்.

அச்சு இயந்திரம் மூன்று பிரதிகள் தள்ளுகிறது. ஒன்று பொதிக்குள், கொப்பியின் பக்கங்களோடு. ஒன்று கடைக் கோவையில். மூன்றாவதற்குத் தனி உறை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, கொழும்பு. உத்தரவாதத்துக்கு அமையாத பொருள் பற்றிய முறைப்பாட்டை விசாரிப்பது அதன் கடமைகளுள் ஒன்று. இளைஞன் விலாசத்தை எழுதுகிறான். அடியில் தன் பெயரை எழுதுகிறான். ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுகிறான். தபால் கந்தோர் பூட்டுவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. சைக்கிளை எடுக்கிறான்.