85-வது நிமிடம்

சென்ற வாரம் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, லீக் ஜெயிச்சவன் பெரியவனா, கோப்பை ஜெயிச்சவன் பெரியவனா?" அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறு எங்கோ போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சில் இரண்டு பெரிய பட்டங்கள் உண்டு. ஒன்று ஷாம்பியோனா, அதாவது லீக். ஒரு பருவம் முழுக்க வாராவாரம் ஆடி, புள்ளி சேர்த்து, கடைசியில் யார் மேலே நிற்கிறார்களோ அவர்களுக்கு. இன்னொன்று கூப் து பிரான்ஸ். அதில் ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் சின்ன ஊர்க்காரனுக்கும் அதில் வழி உண்டு. பிரித்தானி பக்கம் கேன்கான் என்று ஒரு ஊர். ஜனத்தொகை ஏழாயிரம் சொச்சம். அந்த ஊர் அணி இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தபோதே 2009-ல் ரென் அணியை வென்று கோப்பையைத் தூக்கியது.

இந்த இரண்டு வெற்றியாளர்களும் மோதும் ஒற்றை ஆட்டத்துக்குப் பெயர் த்ரோஃபே தே ஷாம்பியோன். 1955-ல் வேறு பெயரில் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே ரேன்ஸ் அணி லில் அணியை 7–1 என்று துவைத்தெடுத்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் ரேன்ஸ் அணியின் கோப்பா என்ற பெயரைச் சொன்னாலே எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இலக்கணத்தை மறந்துவிடுவார். 2009 முதல் இந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டில்தான் நடத்துகிறார்கள். மோன்ட்ரியால், துனிஸ், நியூயார்க் பக்கம், லிப்ரவில், பெய்ஜிங் என்று ஊர் ஊராகப் போயிருக்கிறது.

ஒரே அணி இரண்டையும் வென்றுவிட்டால்? அப்போது லீக்கில் இரண்டாவதாக வந்தவனைக் கூப்பிடுவார்கள். இந்த விதிதான் எனக்குப் பிடித்தது. ஏன் என்று சொல்கிறேன்.

என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு ஆப்சியோன் காலம் நினைவிருக்கும். 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. அடுத்த வருடம் பெரியப்பா குடும்பம் பம்பாய் போய்க் கப்பல் ஏறியது. என்னைவிட இரண்டு வயது மூத்த பெரியப்பா மகன், என் அண்ணன், மார்செய்யில் வளர்ந்து அங்கேயே துறைமுகத்தில் வேலைக்குப் போனார். நான் 1973-ல் இளநிலை எழுத்தராகச் சேர்ந்து, 37 வருடம் கோப்பு தூக்கி ஓய்வு பெற்றேன்.

பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கோப்பு எழுதக் கற்றுக்கொண்டவன் நான். அண்ணன் அனுப்பும் போட்டோக்களைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம். அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

2011 ஜூலையில் அண்ணன் வந்தார். பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்து, தன் பாதியை விற்க வேண்டும் என்றார். அதை வாங்க என்னிடம் பணம் இல்லை. ஜூலை 27 மத்தியானம் சாப்பிடும்போது வாய் தவறிவிட்டது. "உங்க அப்பா ஒரு கையெழுத்துப் போட்டாரு, உங்களுக்கு உலகமே கெடச்சுது. எனக்கு இந்த வீடாவது முழுசா மிஞ்சக் கூடாதாண்ணே?" என்றேன். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று நடுராத்திரி தாண்டியும் தூக்கம் வரவில்லை. கரண்டும் இல்லை. திண்ணைக்கு வந்தால் அண்ணன் இருட்டில் போனோடு உட்கார்ந்திருக்கிறார். மொரோக்கோவில் தாஞ்சே நகரத்தில் ஆட்டம். மார்செய்யில் இருக்கும் அவர் மகன் டிவி பக்கத்தில் போனை வைத்திருந்தான். வர்ணனை பிரெஞ்சில் கரகரவென்று வந்துகொண்டிருந்தது. நானும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த வருடம் லீக், கோப்பை இரண்டையும் லில் வென்றிருந்தது. 1946-க்குப் பிறகு அவர்கள் இரண்டையும் சேர்த்து வென்றது அப்போதுதான். அதனால் லீக்கில் இரண்டாவதாக வந்த மார்செய் எதிரே ஆடியது. 85-வது நிமிடம் வரை லில் 3–1 என்று முன்னால். அண்ணன் ஊர் தோற்கிறதே என்று எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

"முடிஞ்சுதுடா, போய்ப் படு" என்று அண்ணன் எழுந்தார். அந்த நேரம் போனில் மகன் கத்தினான். ஒரு கோல். இரண்டு நிமிடத்தில் இன்னொன்று, 3–3. பெனால்டியில் 4–3. லில் திருப்பிப் போட்டு 4–4. இனி அவ்வளவுதான் என்னும்போது மறுபடி பெனால்டி, 5–4. அண்டிரே ஆயூ மட்டும் மூன்று கோல். அவனுடைய தகப்பன் அபேதி பெலே அந்த இரண்டு ஊருக்குமே ஆடியவர். நாங்கள் இரண்டு கிழவர்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். எப்போது பிடித்தோம் என்று தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் சொன்னார். "பாட்டி செத்த தந்தி எங்களுக்கு வந்து சேரும்போது காரியமே முடிஞ்சு போச்சு. எங்கப்பா அன்னைக்கு அழுத மாதிரி நான் பாத்ததே இல்ல. அப்புறம் சொன்னாரு, தம்பி இருக்கான்ற தைரியத்துலதான் கையெழுத்துப் போட்டேன்னு. உங்கப்பா போடாததாலதான்டா எங்கப்பாவால போட முடிஞ்சுது."

நாற்பத்தெட்டு வருடக் கோபத்துக்கு இப்படி ஒரு பதில் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு வாய் வரவில்லை. அப்பாவிடம் கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

மறுநாள் பாகப் பத்திரம் எழுதினோம். ஆனால் "நான் இருக்குற வரைக்கும் விக்க மாட்டேன்" என்றார் அண்ணன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 2019-ல் அவர் காலமானார். அடுத்த வருடமே அவர் மகன் அந்தப் பாதியை விற்றுவிட்டான். இன்று கூடத்தின் நடுவே ஒரு சுவர். அந்தப் பக்கம் வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதி. அதிலிருந்து நானும் அவனோடு பேசவில்லை.

2025 ஜனவரி 5 அன்று தோஹாவில் இதே ஆட்டம். பாரிஸ் இரண்டு பட்டத்தையும் வென்றிருந்ததால் இரண்டாவதாக வந்த மொனாக்கோ எதிரே நின்றது. 90 நிமிடமும் கோல் இல்லை. "படுங்க மாமா, நேரமாச்சு" என்றாள் மருமகள். "இன்னும் முடியலம்மா" என்று உட்கார்ந்திருந்தேன். நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் தெம்பெலே போட்டான், பாரிஸ் 1–0.

இரண்டாவதாக வந்தவன் அன்று தோற்றுப்போனான். எனக்கு அண்ணன் கை நினைவு வந்தது. போனை எடுத்து மார்செய் நம்பரைப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சித்தப்பா! மேட்ச் பாத்தீங்களா?"

பேரனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "ஒரே ஆட்டத்துல அது தெரியாதுடா கண்ணு" என்றேன்.