அப்புக்காத்தரின் கார்

மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். காணி வாங்குவோர் உறுதியைப் புரட்டுவர். பழைய கார் ஒன்றுக்கு எதைப் பார்த்து விலை சொல்வது என்பதை எமக்கு ஒருவரும் கற்பித்ததில்லை. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் கணிதம் படிப்பித்து வருகின்றோம். இலாப நட்டக் கணக்கில் வரும் வியாபாரி கொண்ட விலையையும் விற்ற விலையையும் கையில் வைத்துக்கொண்டே வருவான். பொருளின் நியாய விலை எது என்று கேட்கும் கணக்கு எமது பாடநூலில் இல்லை. அத்தகைய கணக்கொன்றைச் செய்யும்படி 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எமக்கு நேர்ந்தது.

இணுவிலில் எமது வீட்டிலிருந்து நான்கு வளவு தள்ளிக் காலஞ்சென்ற அப்புக்காத்தர் ஒருவரின் வீடு இருக்கின்றது. அவருடைய கொட்டிலில் எம்.ஜி.ஏ. கார் ஒன்று நின்றது. இருவர் மாத்திரம் அமரக்கூடியது, கூரை துணியாலானது. கதவின் வெளிப்புறத்தில் கைபிடியே கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுத்தால்தான் கதவு திறக்கும். நாம் நாலாம் வகுப்பிற் படித்த நாட்களில் அப்புக்காத்தர் கோட்டுக்குப் புறப்படும் நேரம் பார்த்து ஒழுங்கை முகப்பிற் காத்து நிற்போம். அந்தச் சிவப்பு நிறமும் அந்த ஒலியும் எம்மை விட்டு நீங்கவேயில்லை.

இவ்வகைக் கார்கள் இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1955 முதல் 1962 வரை செய்யப்பட்டவை. மொத்தம் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல். அவற்றுட் பெரும்பகுதி வட அமெரிக்காவுக்குச் சென்றது. எமது அயலவரின் கார் 1957ஆம் ஆண்டினது. மலைநாட்டுத் தோட்டத்துரை ஒருவர் தாயகம் திரும்பியபோது அதனை விற்றுச் சென்றார் என்பர். அப்புக்காத்தர் 2009இல் காலமானார். அதன்பின் கார் அசையவில்லை.

அவருடைய மனைவியாரை நாம் மாமி என்றே அழைப்போம். வீட்டுக் கூரை பழுதாகிவிட்டது; காரை விற்றுத் திருத்தலாம் என்று மாமி எண்ணினார். தரகர் ஒருவர் வந்து, "இது கார் இல்லை அம்மா, இரும்பு" என்று சொல்லி ஆறு இலட்சம் கேட்டார். இலண்டனில் இருக்கும் மகனோ அங்கே அதே வகைக் கார் இருபதாயிரம் பவுணுக்கு விலைகூறப்படுவதாக விளம்பரப் படம் ஒன்றை அனுப்பினார். அன்றைய மாற்று வீதத்தில் அது ஏறக்குறைய ஐம்பத்துநான்கு இலட்சம் ரூபா. ஆறுக்கும் ஐம்பத்துநான்குக்கும் இடையில் மாமி திகைத்து நின்றார். ஒரு மாலை எம்மைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்கள் கணக்குப் படிப்பிக்கிறனீங்கள். நீங்கள் சொல்லுறதுதான் விலை" என்றார்.

அந்தக் காரை வாங்க வேண்டும் என்ற ஆசை எமக்கு முப்பது வருடமாக இருந்ததென்பதை மாமி அறியார்.

விலை கேட்டவரிடமே வாங்க விரும்புபவர் விலை சொல்வது முறையன்று. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். நாம் சொல்லவில்லை. ஒரு வாரத் தவணை கேட்டுக்கொண்டு வீடு திரும்பினோம்.

முதலில் அந்த இரண்டு விலைகளையும் ஆராய்ந்தோம். இலண்டன் விலை இலண்டனுக்கே உரியது. அங்கே வேண்டிய உதிரிப்பாகம் எதுவும் தபாலில் வரும். வேலை தெரிந்த கராஜ் அயலிலேயே இருக்கும். விளம்பரத்தில் இருந்த காரும் ஓடும் கார். மறுபுறத்தில், இந்நாட்டுக்கு இத்தகைய பழைய கார் இனி வழமையான முறையில் இறக்குமதியாகப் போவதில்லை. அன்றியும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை திறக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில், ஓடிப் பழகிய சாதாரண கார்களே வாங்கிய விலைக்கு மேலாக விலைபோயின. தரகர் இதனை அறியாதவரல்லர். ஆகவே அவர் சொன்ன இரும்பு விலையும் பொய்.

பழைய கார்களைப் பேணுவோர் மூவருடன் கொழும்புக்குத் தொலைபேசியிற் பேசினோம். பழுதில்லாது ஓடும் எம்.ஜி.ஏ. முப்பத்தைந்து இலட்சம் மட்டிற் போகும் என்று மூவரும் ஏறத்தாழ ஒரே வாக்காகக் கூறினர். இனி எமது கார் அந்த நிலைக்கு எவ்வளவு தூரம் குறைவென்று காண வேண்டும். அதற்குச் சுன்னாகத்திலிருந்து முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவரை எல்லாரும் அண்ணை என்பர். நாமும் அவ்வாறே அழைத்தோம்.

பற்றுப் பூசி மறைத்த துருவைக் காந்தம் காட்டிக்கொடுக்கும் என்று எங்கோ படித்திருந்தோம். ஒரு காந்தத்தைக் கொண்டுபோய்க் கதவில் வைத்தோம். அது ஒட்டாமல் விழுந்தது. "அண்ணை, முழுக்கப் பற்று!" என்றோம். அவர் சிரித்து, "மாஸ்ரர், இந்தக் காருக்குக் கதவுத் தகடும் பொனற்றும் டிக்கி மூடியும் அலுமினியம். அதில காந்தம் ஒட்டினால்தான் பயப்பட வேணும்" என்றார். பின்னர் காந்தத்தை வாங்கி, இரும்பாலான கதவடி ஓரங்களில் வைத்துப் பார்த்தார். இடப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அது ஒட்டவில்லை. கதவுக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையிலுள்ள வெளி மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்ததையும் காட்டினார். தூண் அடியிலே துருப்பிடித்து உடல் சற்றுத் தொய்ந்திருக்கின்றது என்பது அதன் பொருள்.

அடுத்து நிலத்திற் படுத்து சஸியைச் சுத்தியலாற் தட்டிக்கொண்டே போனார். பெரும்பாலும் மணியோசை போலக் கேட்டது. ஆசனங்களின் பின்னே ஆறு வோல்ற் பற்றரிகள் இரண்டு வைக்கும் தட்டுகளில் மாத்திரம் ஓசை செத்திருந்தது. பற்றரி அமிலம் அவற்றைத் தின்றுவிட்டது. தளம் பலகையாலானது, அதனைக் கறையான் உண்டிருந்தது. பலகை மலிவென்று அண்ணை அதனைப் பொருட்படுத்தவில்லை. மினுக்கமான பூச்சு ஒருவரை எப்படி ஏமாற்றும் என்பதையும், சஸி நல்லதாயின் மற்றெல்லாவற்றையும் காலம் தந்து திருத்தலாம் என்பதையும் அந்த இரண்டு மணி நேரத்திற் கற்றோம்.

பொனற்றைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. "இரண்டு காபரேற்றர் இருக்க வேணும். ஒன்றுதான் இருக்கு" என்றார். எஞ்சினின் பக்கத்தில் அறைந்திருந்த சிறு தகட்டைத் துடைத்துப் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிட்டோம். இலக்கம் ஒத்துவரவில்லை. அது ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரின் எஞ்சின். எம்.ஜி.ஏ.யின் எஞ்சினும் அதுவும் ஒரே குடும்பத்தவை. இரண்டும் 1489 கன சென்ரிமீற்றர். எமது வாடகைக் கார்களை ஓட்டிய அதே எஞ்சினைக் கூர்மையாக்கியே பந்தயக் குணமுள்ள அந்தக் காரிற் பூட்டியிருந்தனர். ஆதலால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அதிக சிரமமின்றிப் பொருந்தும்.

மாமி காரணம் சொன்னார். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலை ஊற்றிக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் கூடிய எம்.ஜி. எஞ்சின் அதனை ஏற்காது இடித்தது. அப்புக்காத்தர் அதைக் கழற்றிவிட்டு, சாதுவான கேம்பிறிட்ஜ் எஞ்சினைப் பூட்டினார்.

சொந்த எஞ்சின் இல்லாத காருக்குச் சேகரிப்போர் ஐந்து இலட்சமாவது குறைப்பர். திருத்த வேலைக்குப் பதினான்கு என்று அண்ணை விவரமாக எழுதித் தந்தார். கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கு இரண்டு வைத்தோம். முப்பத்தைந்திலிருந்து இவற்றைக் கழிக்கப் பதினான்கு இலட்சம் வந்தது. தரகர் கேட்டதிலும் இரு மடங்குக்கு மேல், நேர்மையான கணக்கு. எமது வங்கிச் சேமிப்பு பதினொன்று. மனைவியின் சங்கிலியை அடைவு வைத்தால் மூன்று. விடை இவ்வளவு பொருத்தமாக வரும் கணக்கை எந்த மாணவனாவது எழுதியிருந்தால் நாம் ஐயுற்றிருப்போம்.

மறுநாள் மாமியிடம் உண்மையைச் சொன்னோம்: வாங்குபவர் நாமே; கணக்கு இது. மாமிக்கு மகிழ்ச்சி. "ஊருக்குள்ளேயே நிக்கும்" என்றார். காரின் சக்கரம் கழற்றும் சாவியைத் தேடும்படி எம்மைப் பின்புறக் கொட்டிலுக்கு அனுப்பினார். அங்கே வெங்காயச் சாக்குகளின் அடியில் எண்ணெய்த் துணி சுற்றிய பாரம் ஒன்று கிடந்தது. துணியை விலக்கினோம். இரண்டு காபரேற்றர்கள். தகட்டிலே பதிவுப் புத்தகத்திலுள்ள அதே இலக்கம்.

சாவியை எடுத்துக்கொண்டு வந்தோம். கண்டதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அங்கை கிடக்கிற பழைய இரும்பையும் காரோட கொண்டுபோங்கோ தம்பி, இடம் காலியாகும்" என்று மாமியே சொன்னார்.

அன்றிரவு எமக்கு வேண்டிய நியாயங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. பதினான்கு என்பது முன்னரே நேர்மையாகத் தீர்ந்த கணக்கு. கொண்டுபோகச் சொன்னவர் மாமி. நாம் காணாதிருந்தால் அது பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும். இறுதியில் மனைவியிடம் சொன்னோம். அவர் ஒன்றையே கேட்டார்: "நீங்கள் கண்டது என்னவெண்டு மாமிக்குத் தெரியுமோ?"

காலையிற் போய்ச் சொன்னோம். அந்தப் பாரத்தின் பெறுமதி ஐந்து இலட்சம், ஆகவே விலை பத்தொன்பது, அது எமக்கு எட்டாது என்றோம். மாமி வெகுநேரம் பேசவில்லை. பின், "அவர் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அதுக்கு எண்ணெய் ஊத்துவார். ஏனெண்டு நான் கேக்கேல்லை" என்றார். சற்றுக் கழித்து, "பதினாலுக்கே எடுங்கோ" என்றார். அறிந்த பின்னர் ஒருவர் குறைத்துக் கொடுப்பது அவருடைய உரிமை. ஆயினும் கூரை வேலைக்கு ஓடாவியார் சொன்ன தொகை எமக்குத் தெரிந்திருந்தது. உடனே மறுத்துவிட்டோம் என்று வாசகர் எண்ணற்க. மறுப்பதற்கு இரண்டு நாள் சென்றது.

கண்டியிலிருந்து ஒரு வைத்தியர் வந்தார். பழுதுகளையும் எஞ்சின் கதையையும் ஒளியாமற் கூறி, அண்ணை எழுதிய தாளையும் அவரிடம் கொடுத்தோம். அவர் பேரம் பேசவில்லை, பத்தொன்பதுக்கு வாங்கினார். அண்ணையின் கராஜில் சொந்த எஞ்சின் மீண்டும் பூட்டப்பட்டது. கழற்றிய கேம்பிறிட்ஜ் எஞ்சினையும் இருபத்தையாயிரம் தந்து எடுத்துக்கொள்ள வைத்தியர் விரும்பினார். மண்ணெண்ணெய் குடித்துத் தேய்ந்த அந்த எஞ்சினுக்கு அது நல்ல விலை என்றே நாமும் சொன்னோம்.

மாமி சம்மதிக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனபோது, மாமியின் தாயாரை மடியில் வைத்துக்கொண்டு அந்த எஞ்சினோடுதான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்களாம். "நல்லது போகட்டும். இது நிக்கட்டும்" என்றார்.

கூரை வேயப்பட்டுவிட்டது. கார் கண்டியில் ஓடுகின்றது. வைத்தியர் ஒருமுறை படம் அனுப்பினார். கேம்பிறிட்ஜ் எஞ்சின் வெங்காயச் சாக்குகளின் அடியிற் கிடக்கின்றது. சென்ற தைப்பொங்கலன்று மாமி எண்ணெய்ப் போத்தலைத் தந்து எம்மை அங்கே அனுப்பினார்.