மணப்பாட்டுக் கரையில் மூன்று நாட்கள்

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடிய மறுநாள், சனிக்கிழமை காலையில், எங்கள் பங்கைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வேனில் மணப்பாட்டுக்குப் புறப்பட்டோம். பெரியவர்கள் ஏழு பேர். பிள்ளைகள் ஒன்பது பேர். கொடைக்கானலுக்கே போகவேண்டும் என்று பிள்ளைகள் மன்றாடியதுண்டு. அது எங்கள் கைக்கு எட்டாது; ஆகவே கடலே முடிவாயிற்று.

திருச்செந்தூரைத் தாண்டியபின் வேன் ஊர்ந்துதான் சென்றது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு வேடமிட்ட பக்தர்கள் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தனர். காளியும் அரசனும் குரங்கும் ஒரே கடையில் நின்று தேநீர் பருகிய காட்சி பிள்ளைகளுக்குப் பெருவிருந்து. இவ்வூரின் அருகேதான் 2024 பிப்ரவரி 28ஆம் நாள் இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

மணப்பாட்டை நெருங்குகையில், கடலுக்குள் நீண்டு நிற்கும் குன்றும் அதன்மேல் திருச்சிலுவை ஆலயமும் முதலில் கண்ணில் படுகின்றன. 1540ஆம் ஆண்டளவில் புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி, அதன் தலைவர் இங்கே நாட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆலயம் எழுந்தது 1581இல். செப்டம்பர் 14ஆம் நாள் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் அமைதியாயிருந்தது. குடும்பமாகச் செல்வோர்க்கு இதுவே ஏற்ற காலம் என்போம்.

குன்றின் கடற்புறச் சரிவில் புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை இருக்கிறது. அதனுள் ஒரு கிணறு. அலையோசை காதில் விழும் இடத்திலிருந்தும் அதன் நீர் உவர்ப்பதில்லை. மணலில் ஊறும் மழைநீர் உவர்நீரினும் எடை குறைந்தது. ஆகவே அதன்மேல் தனியே தங்கும் என்று எங்களுள் ஆசிரியராயிருந்தவர் விளக்கினார். பிள்ளைகள் விளக்கத்தைவிட நீரையே விரும்பினர்.

அக்குகை வாயிலில் அமர்ந்துதான் 1544ஆம் ஆண்டு நிகழ்ச்சியை அவர்களுக்குச் சொன்னோம். வடுகர் படைக்கு அஞ்சி ஓடிய குமரிமுனைக் கிறிஸ்தவர்கள், பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். அவர்களுக்கு உதவ சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவேற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்து வீசியது. குமரிமுனையை எட்ட முடியாமல் தோணிகள் திரும்பின. இதை அவரே அவ்வாண்டு ஜூன் மாதத்து மடலில் எழுதியிருக்கிறார். அவருடைய புதுமைகளைப் பலமுறை கேட்டிருந்த பிள்ளைகள், இதைக் கேட்டதுபோல் வேறெதையும் கேட்டதில்லை.

"அவர் செபம் செய்தும் காற்று நிற்கவில்லையா?" என்று எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வினவினான். எங்களுக்கு உடனே விடை வரவில்லை. அருகே வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த முதியவர் தலைநிமிர்ந்தார்.

"ஆனி மாசம் கச்சான் காத்து அப்படித்தான் தம்பி. குமரி இங்கிருந்து தென்மேற்கே. காத்து மூஞ்சிக்கு நேரே அடிக்கும். அந்த நேரத்துல இருபது தோணிய எறக்குனாங்களே, அந்த ஆளுகள நெனைச்சுப் பாரு."

சவேரியாரோடு தோணி வலித்தவர்களைப்பற்றி நாங்கள் அதுவரை எண்ணியதேயில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் எத்தனையோ மீனவரைக் கொண்டுபோனதையும் அவரே நினைவூட்டினார். பின்பு, குன்றின் அடியில் குளிக்க எண்ணியிருந்த எங்கள் வாலிபர்களை நோக்கி, "அங்க பாறை இருக்கு, இழுப்பும் இருக்கு. உள்ளே கழிப்பக்கம் போங்க ஐயா" என்றார். வாலிபர்கள் முணுமுணுத்தார்கள், ஆயினும் போனார்கள்.

ஞாயிறன்று ஊரார் கடலுக்குச் செல்வதில்லை. காலைத் திருப்பலிக்குப்பின் படகுகளெல்லாம் மணலில் ஓய்ந்து கிடந்தன. பெண்கள் ஓலைப்பெட்டி முடைவதைப் பார்த்தும், உடன்குடிக் கருப்பட்டி வாங்கியும் பொழுது போயிற்று. அன்று மாலை எங்கள் பெண்பிள்ளைகள், நாங்கள் தங்கிய வீட்டுக்கு அடுத்த வீட்டுச் சிறுமியோடு நட்பாயினர். ஆறாம் வகுப்பு, அவளுக்கும் அதே விடுமுறைதான். மறுநாள் விடிந்ததும் கரையில் கிளிஞ்சல் பொறுக்குவதென்று ஏற்பாடாயிற்று.

திங்கட்கிழமை நாங்கள் கரைக்குச் சென்றபோது அவள் எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். படகுகள் ஒவ்வொன்றாய்த் திரும்பிக்கொண்டிருந்தன. சாளையும் பாரையும் மணலில் குவிய, ஏலக்குரல் எழுந்தது. பிள்ளைகள் கூப்பிட்டும் அவள் வரவில்லை. கையை நெற்றியில் வைத்துக் கடலையே பார்த்துநின்றாள். "அப்பா படகு இன்னும் வரல" என்றாள், அவ்வளவே. எங்கள் பிள்ளைகளும் கிளிஞ்சலை விட்டுவிட்டு அவளருகே வரிசையாக நின்றுகொண்டனர். வெயில் ஏறியது. வேன் ஓட்டுநர் இருமுறை வந்து அழைத்துவிட்டுப் போனார்; நாங்களும் புறப்பட மனமின்றி நின்றோம்.

நெடுநேரங்கழித்து நீலநிறப் படகொன்று குன்றைச் சுற்றி வந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிளிஞ்சல் பொறுக்கக் குனிந்தாள்.